``மாரடைப்புன்னுதான் சொன்னாங்க!'' - பெருந்தமனி வெடிப்பு... ஒருவருக்கு வந்தால் குடும்பமே டெஸ்ட் எடுக்க வேண்டும், ஏன்?

``நேத்து ராத்திரி சோறு உண்டுபோட்டு டி.வி பாத்துட்டுத்தானுங்க இருந்தாரு. திடீர்னு நெஞ்சைப் புடிச்சாரு. முதுகு கிழியற மாதிரி இருக்குதுன்னாரு. வண்டி எடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க...''

பெருந்துறை, சென்னிமலை, விஜயமங்கலம் என்று எங்கள் பக்கத்தில் எந்த எழவு வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம். அடுத்த வார்த்தை, ``மாரடைப்புங்க.'' அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. வெளியூரில் இருக்கும் மகனும் மகளும் வந்து சேர்ந்ததும் மதியத்துக்குள் காரியம் முடிந்துவிடும். என்ன காரணத்தால் இறந்தார் என்ற கேள்வியும் அவருடனேயே போய்விடும்.

திடீர் மரணங்களில் பெரும்பங்கு மாரடைப்பு தொடர்பானவைதான். ஆனால், எல்லாமே மாரடைப்பு அல்ல. அவற்றில் சில, இதயத்திலிருந்து கிளம்பும் மிகப்பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி கிழிந்ததால் அல்லது வெடித்ததால் நேர்ந்தவை. `இறந்தவர் இறந்துவிட்டார், எந்த நோயாக இருந்தால் என்ன?' என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். பெருந்தமனி பிரச்னை பல குடும்பங்களில் ரத்த சொந்தங்களுக்குள் தொடர்வது. அப்பாவுக்கு நடந்தது என்னவென்று தெரிந்தால், மகனைக் காப்பாற்ற முடியும்.

ரஜினிக்கு நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் `அயோர்டா' என்ற வார்த்தை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது 2024 அக்டோபர் முதல் வாரத்தில். செப்டம்பர் 30-ம் தேதி நடிகர் ரஜினிகாந்த் சென்னை கிரீம்ஸ் சாலை அப்போலோ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 73. இதயத்திலிருந்து வெளியே வரும் முக்கிய ரத்தக்குழாயில் வீக்கம் இருந்ததாகவும், அறுவை சிகிச்சை இல்லாமல் குழாய் வழியாகவே மருத்துவர் சாய் சதீஷ் ஸ்டென்ட் பொருத்தி அந்த வீக்கத்தை முழுமையாக அடைத்துவிட்டதாகவும் மருத்துவமனை அறிக்கை சொன்னது. சில நாள்களிலேயே அவர் வீடு திரும்பினார். அக்டோபர் 10-ம் தேதி `வேட்டையன்' ரிலீஸானது.

``தலைவருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்காங்க'' என்றுதான் அன்று பலர் பேசிக்கொண்டார்கள். அது சரியல்ல. மாரடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களில் அடைப்பைத் திறந்துவைப்பதற்கானது. பெருந்தமனியில் வைப்பது வேறு ரகம். துணி போர்த்திய ஒரு பெரிய உலோகக் குழாய் அது. பலவீனமான சுவரில் ரத்தம் மோதாதபடி உள்ளே ஒரு புதுப்பாதை போட்டுக் கொடுக்கும். முதலாவது, அடைத்ததைத் திறக்கும். இரண்டாவது, வெடிக்கவிருப்பதைத் தடுக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், வெடிப்பதற்கு முன்பே வீக்கத்துக்குச் சிகிச்சை நடந்துவிட்டது என்பதுதான்.

தோட்டத்து மெயின் பைப் மாதிரி!

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். இதயம்தான் மோட்டார். அதிலிருந்து கிளம்பும் மெயின் பைப்தான் பெருந்தமனி. முதலில் மேலே ஏறி, கைத்தடியின் பிடிபோல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கி, தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. மூளை, கைகள், சிறுநீரகம், குடல் என்று எல்லா உறுப்புகளுக்கும் போகும் கிளைக்குழாய்கள் இதிலிருந்துதான் பிரிகின்றன.

இந்தக் குழாய் மார்பில் சுமார் 3 செ.மீ அகலமும், வயிற்றில் சுமார் 2 செ.மீ அகலமும் இருக்கும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இதில் பாய்கிறது. நம் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படிப்பட்ட குழாய் வெடித்தால் ஏன் சில நிமிடங்களில் உயிர் போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இதயம் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் இந்தச் சுவரில் ஓர் அடி. அதைத் தாங்குவதற்காகவே பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்காக அமைந்திருக்கிறது. நடு அடுக்கில்தான் ரப்பர்போல நீண்டு சுருங்கும் நார்கள் இருக்கின்றன. அந்த நடு அடுக்கு பலவீனமாகும்போது பிரச்னை ஆரம்பிக்கிறது.

வீக்கம், கிழிசல், வெடிப்பு... மூன்றும் ஒன்றல்ல!

வீக்கம்: பழைய சைக்கிள் டியூபில் ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொண்டு வருமே, அதுபோல. வயிற்றுப்பகுதி பெருந்தமனி 3 செ.மீ-க்கு மேல் விரிந்தால் அதை வீக்கம் என்கிறார்கள். விரிய விரியச் சுவர் மெலிந்து, அதன்மீது இழுவிசையும் கூடும். பெரும்பாலும் வலியே இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும்.

கிழிசல்: சுவரின் உள் அடுக்கில் ஒரு கீறல் விழுகிறது. அதற்குள் ரத்தம் புகுந்து, அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகிறது. ஒரே குழாய்க்குள் இரண்டு பாதைகள் உருவாகிவிடும். பொய்ப்பாதை பெரிதாகி, மூளைக்கோ, சிறுநீரகத்துக்கோ, காலுக்கோ போகும் கிளையை அடைத்துவிடலாம். இதயத்தை ஒட்டிய மேல்பகுதியில் கிழிந்தால் மிக ஆபத்து. சிகிச்சை கிடைக்காவிட்டால், ஆரம்பத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறப்பு அபாயம் 1 முதல் 2 சதவிகிதம் கூடிக்கொண்டே போகும் என்பது மருத்துவ உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

வெடிப்பு: மூன்று அடுக்கும் விட்டுப்போவது. வீக்கம் முற்றியும் வரலாம், கிழிசல் முற்றியும் வரலாம். இதயத்தை ஒட்டி வெடித்தால், இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் ரத்தம் நிரம்பி, துடிக்கவே இடமில்லாமல் இதயத்தை நெருக்கிவிடும்.

ஏன் வருகிறது?

முதல் குற்றவாளி, உயர் ரத்த அழுத்தம். வருடக்கணக்கில் கட்டுப்பாடில்லாமல் இருக்கும் பி.பி., பெருந்தமனிச் சுவரைத் தேய்த்துக்கொண்டே வரும். கிழிசல் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. ``தலைவலி இல்லீங்க, கிறுகிறுப்பு இல்லீங்க, அதனால மாத்திரைய நிறுத்திப்போட்டேன்'' என்பது நம் பக்கத்தில் வழக்கமான வசனம். பி.பி. அறிகுறி காட்டாமலே ஏறும் என்பதால்தான் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

இரண்டாவது, புகை. வயிற்றுப்பகுதி வீக்கத்துக்கு பீடியும் சிகரெட்டும்தான் மிகப்பெரிய காரணம். விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பைப் புகைப்பதில் பிரியம் கொண்டவர். அவருடைய வயிற்றுப் பெருந்தமனியில் பெரிய வீக்கம் இருப்பது 1948-ல் அறுவை சிகிச்சையின்போது தெரிந்தது. அன்றைக்கு இருந்த வசதியில், மருத்துவர் ருடால்ஃப் நிசென் செய்ய முடிந்தது செல்லோஃபேன் தாளால் அதைச் சுற்றிவிடுவதுதான். அதற்குப் பிறகும் 6 வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது, இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஏப்ரல் 18-ல் 76 வயதில் இறந்தார்.

மூன்றாவது, பிறவியிலேயே வரும் கோளாறுகள். `மார்ஃபன் சிண்ட்ரோம்' இதில் முக்கியமானது. உடலின் நார்த்திசுவைக் கட்டும் ஒரு மரபணுவில் ஏற்படும் பிழை. சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணக்கு. நெடுநெடுவென்ற உயரம், உயரத்தைவிட நீளமான கை விரிப்பு, மெல்லிய நீண்ட விரல்கள், உள்வாங்கிய அல்லது முன்தள்ளிய நெஞ்செலும்பு, சிறு வயதிலேயே கடுமையான கிட்டப்பார்வை ஆகியவை இதன் அடையாளங்கள். `பையன் நல்லா ஓங்குதாங்கா வளர்ந்திருக்கான்' என்று பெருமைப்படுவோம், தவறில்லை. உயரமாக இருப்பவர்கள் எல்லோருக்கும் இது இருக்காது. ஆனால், இந்த அடையாளங்கள் பல ஒன்றாகச் சேர்ந்திருந்தால் ஒருமுறை `எக்கோ' எடுத்துப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். ``நாங்க சொந்தத்துல கட்டலீங்க, எங்களுக்கு எப்படி பரம்பரை நோய் வரும்?'' என்று கேட்பார்கள். மார்ஃபனுக்கு உறவுமுறைத் திருமணம் தேவையில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவிகித வாய்ப்பு. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, பெற்றோர் இருவருக்கும் இல்லாமலேயே புதிதாக வருகிறது.

இதயத்திலிருந்து பெருந்தமனிக்குப் போகும் வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். 100-ல் 1 அல்லது 2 பேருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தான் இருக்கும். இவர்களுக்கும் பெருந்தமனி விரிவடையும் வாய்ப்பு அதிகம்.

இவை தவிர இன்னும் சில காரணங்கள் உண்டு. `டகயாசு' என்ற ரத்தக்குழாய் அழற்சி, ஆசிய நாடுகளின் இளம்பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பால்வினை நோயான சிஃபிலிஸை ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் பெருந்தமனியைத் தாக்கும். காசநோய்க் கிருமியும் மிக அரிதாக இந்தச் சுவரை அரிக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், ஏற்கெனவே சுவர் பலவீனமாக இருக்கும் பெண்களுக்கு ஆபத்து கூடும். மூச்சை அடக்கிக்கொண்டு அளவுக்கு மீறிய எடையைத் தூக்கும்போது பி.பி. சட்டென்று எகிறும். வீக்கம் இருப்பது தெரியாமல் ஜிம்மில் இப்படிச் செய்வது விபரீதமாகலாம்.

மருந்துக்கடையில் சாதாரணமாகக் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளைப் பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது. பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கும் அந்த அபாயம் உள்ளவர்களுக்கும், வேறு வழியில்லாதபோது மட்டுமே இவற்றைக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் அறிவித்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பைபாஸில் நடக்கும் வெடிப்பு

எந்த நோயும் இல்லாத இளைஞருக்கும் பெருந்தமனி வெடிக்கலாம், விபத்தில். சேலம் - கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 பெருந்துறையை ஒட்டித்தான் போகிறது. சிப்காட்டுக்குப் போகும் லாரிகள், கம்பெனி பஸ்கள், கோவைக்குப் பறக்கும் கார்கள் என்று ராத்திரியும் பகலும் ஓயாத சாலை.

100 கி.மீ வேகத்தில் போகும் கார் மோதிச் சட்டென்று நிற்கும்போது, உடல் நின்றுவிடும். உள்ளே இதயமும் பெருந்தமனியின் வளைவும் முன்னோக்கிப் போகும். முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் கீழ்ப்பகுதி நகராது. அசையும் பகுதியும் அசையாத பகுதியும் சேரும் இடத்தில் குழாய் கிழிகிறது. இப்படிக் கிழிந்தவர்களில் பெரும்பாலானோர் சம்பவ இடத்திலேயே இறந்துவிடுகிறார்கள். பிழைத்து வருபவர்களுக்கு வெளியே பெரிய காயமே இல்லாமலும் இருக்கலாம். வேகமான விபத்துக்குப் பிறகு நெஞ்சு அல்லது முதுகு வலி இருந்தால், `அடி ஒண்ணும் படலை' என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

சீட் பெல்ட் போடுவது அபராதத்துக்குப் பயந்து மட்டுமல்ல, இதற்காகவும்தான். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்ட `இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பெருந்துறையில் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. `சானடோரியம்' என்றும் `ஐ.ஆர்.டி.' என்றும் மக்கள் இன்றும் பழைய பெயரில் அழைக்கிறார்களே, அதுதான்.

வாயுவா, மாரடைப்பா, இதுவா?

நெஞ்சு வலி வந்தால் நம் வீடுகளில் முதலில் சோடா வரும். பிறகு ஓமத்தண்ணீர். முதுகு வலி என்றால், `சுளுக்கா இருக்கும், வழிச்சு உட்டாச் சரியாப் போயிரும்' என்பார்கள். இந்த அரை மணி நேரம்தான் பல உயிர்களை எடுக்கிறது.

பெருந்தமனி கிழிசலின் வலிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மாரடைப்பு வலி பெரும்பாலும் அழுத்தமாக, பாரமாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இது அப்படியல்ல. முதல் நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். வாழ்க்கையில் இதுவரை இப்படி ஒரு வலி வந்ததில்லை என்பார்கள். கத்தியால் கிழிப்பதுபோல நெஞ்சில் அல்லது இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தொடங்கி, கீழே வயிறு, இடுப்பு என்று நகரலாம். கூடவே,

* வியர்த்துக் கொட்டுதல், மயக்கம்
* ஒரு கையில் நாடி பலவீனமாக இருப்பது, இரண்டு கைகளிலும் பி.பி. அளவு மாறுபடுவது
* பக்கவாதம்போல வாய் குழறுதல், ஒரு பக்கம் செயலிழத்தல்
* திடீரென்று கால் மரத்து, குளிர்ந்துபோதல்

ஆகியவை இருந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகிறது. வயிற்றுப்பகுதி வீக்கம் வெடிக்கும்போது அடிவயிறு, இடுப்பு, முதுகில் கடும் வலியும் மயக்கமும் வரும். சிறுநீரகக் கல் என்று தவறாக நினைக்கவும் வாய்ப்பு உண்டு.

ஈ.சி.ஜி. நார்மலாக இருந்தாலும் பெருந்தமனி கிழிந்திருக்கலாம். உறுதிப்படுத்த சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ தேவை. மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து கொடுப்பார்கள். கிழிசலில் அதே மருந்து ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். எனவே வீட்டில் யாரோ வாங்கிவைத்த மாத்திரையை நாமாகக் கொடுப்பதைவிட, 108-ஐ அழைப்பது பாதுகாப்பானது. அதற்காக, மருத்துவர் பார்த்துவிட்டு மாரடைப்புக்கு மருந்து கொடுக்கும்போது மறுக்கவும் கூடாது. மாரடைப்புதான் பல மடங்கு அதிகம் வருவது. நாம் செய்ய வேண்டியது, வலி எப்படி ஆரம்பித்தது, எங்கே நகர்ந்தது, குடும்பத்தில் யாராவது திடீரென இறந்திருக்கிறார்களா என்று தெளிவாகச் சொல்வது.

இருவர் இறந்தார்கள்... இரண்டு சகோதரர்கள் பிழைத்தார்கள்!

ஃப்ளோ ஹைமன், அமெரிக்காவின் வாலிபால் நட்சத்திரம். 6 அடி 5 அங்குல உயரம். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் ஆடியவர். 1986 ஜனவரி 24-ம் தேதி, ஜப்பானின் மட்சுயே நகரில் ஒரு போட்டியின்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்தார். வயது 31. மாரடைப்பு என்றுதான் முதலில் சொன்னார்கள். குடும்பம் ஒப்புக்கொள்ளாமல் பிரேதப் பரிசோதனை கேட்டது. மார்ஃபன் சிண்ட்ரோமால் பெருந்தமனி கிழிந்திருந்தது தெரிந்தது. அதன் பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் அதே கோளாறு. அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள்.

ஜான் ரிட்டர், அமெரிக்கத் தொலைக்காட்சியின் பிரபல நகைச்சுவை நடிகர். 2003 செப்டம்பர் 11-ம் தேதி படப்பிடிப்பில் உடல்நிலை சரியில்லாமல் போனது. மாரடைப்பு என்று கருதி சிகிச்சை தொடங்கினார்கள். உண்மையில் கிழிந்திருந்தது பெருந்தமனி. அன்றிரவே, 54 வயதில் இறந்தார். பிறகு அவருடைய அண்ணன் டாம் ஸ்கேன் எடுத்தபோது, அவருக்கும் பெருந்தமனி வீக்கம் இருந்தது. உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

`என்ன காரணம்?' என்று இரண்டு குடும்பங்கள் கேட்டதால் இரண்டு உயிர்கள் மிஞ்சின. நம் ஊரில் வீட்டில் இயல்பாக இறந்தவருக்குப் பொதுவாகப் பிரேதப் பரிசோதனை நடப்பதில்லை. உடலை அறுப்பதை எந்தக் குடும்பமும் விரும்புவதும் இல்லை. அந்த வேதனையைக் குறை சொல்ல முடியாது. ஆனால், 50 வயதுக்குள் ஒருவர் திடீரென இறந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகாவது அவருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் ஒரு இதய மருத்துவரைப் பார்க்கலாமே!

யார் டெஸ்ட் எடுக்க வேண்டும்?

* பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்குப் பெருந்தமனி வீக்கம் அல்லது கிழிசல் இருந்தவர்கள்
* குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர் மரணம் நிகழ்ந்தவர்கள்
* மார்ஃபன் அடையாளங்கள் உள்ளவர்கள், இரண்டு இதழ் வால்வு உள்ளவர்கள்
* புகைப்பழக்கம் உள்ள, அல்லது முன்பு இருந்த 65 வயதைத் தாண்டிய ஆண்கள் (பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை அழைத்து வயிற்று ஸ்கேன் எடுக்கிறார்கள்)

மார்புப் பகுதிக்கு எக்கோ, வயிற்றுக்குச் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்... ஆரம்பப் பரிசோதனைக்கு இவை போதும். இரண்டிலும் வலி இல்லை, ஊசி இல்லை. சந்தேகம் வந்தால் மருத்துவர் சி.டி. எடுக்கச் சொல்வார்.

வீக்கம் இருந்தால் உடனே ஆபரேஷனா?

இல்லை. சிறிய வீக்கம் என்றால் பி.பி. மாத்திரை, புகையை நிறுத்துவது, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன்... அவ்வளவுதான். வயிற்றுப்பகுதியில் ஆண்களுக்கு 5.5 செ.மீ, பெண்களுக்கு 5 செ.மீ என்ற அளவைத் தொடும்போதோ, வேகமாக வளரும்போதோ சிகிச்சை பற்றி முடிவெடுப்பார்கள். மார்ஃபன் உள்ளவர்களுக்கு, மார்புப் பகுதியில் இன்னும் சிறிய அளவிலேயே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்குத் தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் வைக்கும் முறையை 1990-ல் அர்ஜென்டினா மருத்துவர் யுவான் பரோடி செய்துகாட்டினார். ஐன்ஸ்டைனுக்குக் கிடைக்காத அந்த வசதி, இன்று கோவையிலேயே இருக்கிறது. இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிந்தால் மட்டும், நெஞ்சைத் திறந்து அவசர அறுவை சிகிச்சை செய்வதுதான் வழி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று அங்கிருக்கும் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம்.

இதெல்லாம் பெரிய மருத்துவமனை விஷயம். வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய `மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி. பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் வரும்போது ``எனக்கு ஒண்ணுமில்லீங்க'' என்று திருப்பி அனுப்பாமல், கையை நீட்டுங்கள்.

அடுத்த முறை சொந்தத்தில் ஒரு துக்கத்துக்குப் போகும்போது, ``மாரடைப்புன்னு யாருங்க சொன்னாங்க? டாக்டர் பார்த்தாரா?'' என்று மெதுவாகக் கேளுங்கள். அந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகவாவது அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்.